புருவம் உயராத கேள்வி

கணக்கு டீச்சராகி 17 வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் ஒரு மாதிரி, கடைசி மூன்று வருடம் ஒரு மாதிரி. நடுவில் இருக்கிற ஒன்பது வருடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஒன்பது வருடத்தில் நான் லீவு போட்டது குறைவு. பாடத்தை ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை. நோட்டு மலைபோல வந்தாலும் மறுநாள் காலையில் திருத்திக் கொடுத்துவிடுவேன். என் பீரியடில் வராந்தாவில் நடந்து போகிறவர்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் மீட்டிங்கில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார். “அவங்களப் பாருங்க. எதையும் மனசுல ஏத்திக்க மாட்டாங்க. வந்தோமா, நடத்தினோமா, போனோமா.” எனக்கும் அதில் பெருமைதான். தாமரை இலைத் தண்ணீர் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

பிள்ளைகளை ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். “பதினாலு, போர்டுக்கு வா.” “முப்பத்திரெண்டு, ஏன் வீட்டுப்பாடம் இல்ல?” பெயர் தெரியாமல் இல்லை, அட்டெண்டன்ஸில் தினமும் பார்க்கிறேனே. பெயரை வாயில் வைத்தால் அதோடு ஒரு முகம் வரும், முகத்தோடு ஒரு வீடு வரும், வீட்டோடு ஒரு கதை வரும். அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். யாராவது அழுதால், “போய் முகம் கழுவிட்டு வா” என்பேன். கடுமையாகக்கூடச் சொல்ல மாட்டேன், சாதாரணக் குரலில்தான். ஏன் அழுதாய் என்று மட்டும் கேட்க மாட்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அடிக்கிற டீச்சர்மேல் புகார் வரும். பாடமே நடத்தாத டீச்சர்மேலும் வரும். விலகி நிற்கிற டீச்சர்மேல் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். என்னவென்று எழுதிக் கொடுப்பது?

*

சூடு கண்ட பூனைதான் நானும். ஐந்தாவது வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் சுமார், பேச்சில் கெட்டி. மாலையில் பள்ளி விட்ட பிறகும் போக மாட்டான். போர்டைத் துடைக்கிறேன், நோட்டை அடுக்குகிறேன் என்று எதையாவது சொல்லிக்கொண்டு நிற்பான். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தான். கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம் போனது. என் போன் நம்பரைக் கொடுத்தேன். இரவில் கூப்பிடுவான், பேசுவேன். ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் நேரே அவன் வீட்டுக்குப் போய் நின்றேன்.

அங்கே நடந்ததை விவரிக்க விருப்பமில்லை. அடுத்த வாரம் பள்ளிக்குப் புகார் வந்தது: குடும்ப விஷயத்தில் தலையிடுகிறார், பையன் மனதைக் கெடுக்கிறார். விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அவனையும் அழைத்து என் எதிரிலேயே கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, “மிஸ்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் ஒண்ணும் சொல்லல” என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை, பக்கத்திலேயே அப்பா நின்றிருந்தார். ஒரு மாதத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்கு வேறு வகுப்பு. மாடியிலிருந்து அவன் முதுகைப் பார்த்தேன்.

‘இனி யாரிடமும் ஒட்டக் கூடாது.’ அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். தப்பான விடையைச் சரியான விடை என்று நம்பி ஒன்பது வருடம் அதையே எழுதிக்கொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

*

குரல் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் கரகரப்பு. பிறகு மாலை ஆனால் வார்த்தை பாதியில் அறுந்துபோகும். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு, குரல்நாணில் சின்ன முடிச்சு என்றார். நாள் முழுக்கக் குரலை உயர்த்திப் பேசுகிறவர்களுக்கு, அதிலும் ஆசிரியர்களுக்கு, இது அடிக்கடி வருகிற தொல்லை. சில நாள் பேசவே கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான் என்றார். அதன் பிறகு குரல் பயிற்சி. லீவு முடிந்து வந்தபோது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசலாம் என்று கணக்கு. எனக்கே கணக்கு.

திரும்பி வந்த முதல் நாள், எட்டாம் வகுப்பில், போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினேன். மேஜைமேல் ஒரு துண்டுச் சீட்டு. ‘மிஸ் நீங்க பேச வேணாம். நான் படிச்சுச் சொல்றேன். – 27.’

27 என்பது கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்காரும் பெண். தன் பெயரை எழுதாமல் எண்ணைப் போட்டிருந்தாள், எனக்கு அதுதான் தெரியும் என்று நினைத்திருப்பாள். அவள் எழுந்து வந்து, நான் போர்டில் எழுதுவதைச் சத்தமாகப் படித்தாள். படித்ததோடு நிற்கவில்லை. நான் எழுதியதைச் சுட்டிக்காட்டிவிட்டு வகுப்பைப் பார்த்தால், “புரியுதான்னு மிஸ் கேக்கறாங்க” என்பாள். ஒரு பையனை முறைத்தால், “நோட்ட எடுக்கச் சொல்றாங்க” என்பாள். எல்லாம் சரியாக இருந்தது. வகுப்பு சிரித்தது. என் பீரியடில் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

நாலைந்து நாள் கழித்து, இதெல்லாம் எப்படி உனக்குத் தெரிகிறது என்று எழுதிக் காட்டினேன்.

“எங்கம்மாவுக்குக் காது கேக்காது மிஸ். வீட்டுல எல்லாம் சைகைதான். மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்குவோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஆனா உங்க மூஞ்சி ரொம்பக் கஷ்டம் மிஸ். போன தடவ பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா வந்தாங்க. வெளிய வந்து, இந்த டீச்சர் என்ன சொன்னாங்கன்னே தெரியல, கோவமா, நல்லா படிக்கறேன்னு சொன்னாங்களான்னு கேட்டாங்க. உங்க மூஞ்சி அசையவே இல்லயாம்.”

அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்னது, உங்கள் பெண் வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள் என்பது.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சைகை மொழி பேசுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். எழுத்தெழுத்தாக விரலால் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஆளின் சாயலையோ பழக்கத்தையோ வைத்து ஓர் அசைவு. எனக்கும் அவர்கள் வீட்டில் பெயர் இருந்தது. சொல்லத் தயங்கினாள், வற்புறுத்தியபின் செய்து காட்டினாள். விரித்த உள்ளங்கையை நெற்றிக்கு மேலிருந்து தாடைவரை முகத்துக்கு முன்னால் இறக்கினாள். ஷட்டரை இழுத்து மூடுகிற மாதிரி.

*

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது, பயிற்சிக் கல்லூரியில் உளவியல் தாளுக்காக உருப்போட்ட ஒரு சோதனை. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்தது. தாய் சில மாதக் குழந்தையோடு எதிரெதிரே உட்கார்ந்து வழக்கம்போலக் கொஞ்சுகிறாள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தை அசைக்காமல், எதற்கும் பதில் காட்டாமல் குழந்தையை வெறுமனே பார்க்க வேண்டும். திட்டவில்லை, எழுந்து போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும், உடம்பே தளர்ந்துபோகும்.

பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை கைக்குழந்தை இல்லை, ஒரு டீச்சர் தாயும் இல்லை, அந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது. ஆனால் ஒரு விஷயம் தைத்தது. என் வகுப்பின் அமைதியை நான் ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி, சிரித்துப் பார்த்து, கையை நீட்டிப் பார்த்து, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களின் அமைதி.

என்னைத் தூங்கவிட்டது அதே ஆராய்ச்சியின் இன்னொரு பகுதி. நல்ல தாயும் குழந்தையும்கூட எந்நேரமும் ஒத்திசைந்து இருப்பதில்லை. ட்ரானிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் அளந்து பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் இருவரும் ஒரே அலையில் இருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் விட்டுப்போவதும் மறுபடி பிடித்துக்கொள்வதும்தான். விட்டுப்போனதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். நூற்றுக்கு நூறு தேவையில்லை என்று ஒரு கணக்கு டீச்சர் கேட்டு நிம்மதியடைந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

*

27-க்குப் பெயர் வந்தது. நான் கூப்பிட ஆரம்பித்தேன். இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது.

மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் அவள் எனக்குச் சைகை கற்றுக்கொடுத்தாள். தொண்டைக்கு ஓய்வு, அவளுக்கு டீச்சராகும் ஆசை, இரண்டுக்கும் பொருந்திப்போனது. முதல் நாள் ‘புரிந்ததா?’ என்பதற்கான சைகையைக் காட்டினாள். நான் செய்தேன். தலையை ஆட்டினாள். மறுபடி செய்தேன். “கை சரி மிஸ். புருவத்தத் தூக்கணும். தூக்கலன்னா அது கேள்வி இல்ல, புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்றீங்க.”

பிறகு தேடிப் படித்தேன். பல நாட்டுச் சைகை மொழிகளில் இது இலக்கணமாகவே இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விக்குப் புருவம் மேலே போக வேண்டும். கையசைவு அதேதான். ‘நீ வந்தாய்’ என்பதற்கும் ‘நீ வந்தாயா’ என்பதற்கும் நடுவில் நமக்குக் கடைசியில் வருகிற ‘ஆ’ என்ற ஓர் ஆகாரம் இருக்கிறது, அவர்களுக்குப் புருவம் இருக்கிறது.

ஒன்பது வருடம் ஒவ்வொரு பீரியடிலும் பத்துத் தடவையாவது “புரிஞ்சுதா?” என்றிருப்பேன். ஆகாரம் இருந்தது. ஆனால் போர்டைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வரியை எழுதிக்கொண்டே சொன்ன ஆகாரம். யாரும் ஒருநாளும் ‘இல்லை’ என்றதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

நான் மாற்றிய முதல் விஷயம் இதுதான். எழுதுவதை நிறுத்துவேன். திரும்புவேன். புருவத்தை உயர்த்திக் கேட்பேன். கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுவேன். இந்த மூன்றுக்கும் கணக்கு இருக்கிறது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை, அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிட்டார்கள் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, தெரியாது என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். படிக்கும்போது சின்னதாகத் தெரிகிறது. வகுப்பில் நின்று மூன்று நொடி சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். எனக்கு முதல் வாரம் கை வியர்த்தது. நாலாவது நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். “இல்ல மிஸ். மைனஸ் எப்டி ப்ளஸ் ஆச்சு?” போன மாதப் பாடம் அது. பாதி வகுப்புக்குப் புரியவில்லை என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது.

*

இதற்கப்புறம் எல்லாம் நன்றாகப் போனது என்று எழுத ஆசைதான்.

உற்சாகத்தில் நான் செய்த முட்டாள்தனம், ஒரே திங்கட்கிழமையில் அன்பான டீச்சராக மாற முயன்றது. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சிரிப்பு, தோளில் தட்டல், “என்னடா கண்ணா” எல்லாம். பிள்ளைகள் மிரண்டுவிட்டார்கள். ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னது காதில் விழுந்தது. “இன்ஸ்பெக்‌ஷன் வருதாடா?” இன்னொருத்தி நான் தோளைத் தொட்டதும் விலகிக்கொண்டாள். அவளுக்குத் தொடுவது பிடிக்காது, நான் கேட்கவில்லை. மாலையானால் எனக்கே கன்னம் வலித்தது. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதியது இதைத்தான். உள்ளே இல்லாத உணர்ச்சியை முகத்தில் மட்டும் வரைந்து காட்டுவதும் உழைப்புதான், ஆளைத் தேய்க்கிற உழைப்பு. ஒரே வாரத்தில் பழைய முகத்துக்குத் திரும்பிவிட்டேன், இன்னும் இறுக்கமாக.

பிறகு ஒரே ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஆசிரியப் பயிற்சிகளில் ‘இரண்டு நிமிடம், பத்து நாள்’ என்று ஒரு முறை சொல்வார்கள். வகுப்பில் மிகவும் சிரமமான ஒருவரோடு, தொடர்ந்து பத்துப் பள்ளி நாள், தினமும் இரண்டு நிமிடம், படிப்பையும் ஒழுங்கையும் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசுவது. நான் தேர்ந்தெடுத்தவன் என் பீரியடில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பவன். முதல் நாள், “ஜன்னல்ல அப்படி என்ன தெரியுது?” என்றேன். “ஒண்ணுமில்ல மிஸ்.” இரண்டாம் நாள் “ம்.” ஐந்தாம் நாள் “ம்.” எட்டாம் நாள் நானே பேசினேன், என் தொண்டையைப் பற்றி. “ம்.” பத்து நாளும் முடிந்தது. அவன் மாறவில்லை. பரீட்சையில் வழக்கமான மதிப்பெண்தான்.

மாறியது நான். பத்து நாள் ஒருவன் முகத்தை இரண்டு நிமிடம் பார்த்தபின் அவனை எண்ணாக நினைக்க முடியவில்லை. அவனுக்கு இடது கண்ணில் பார்வை சிரமம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது, போர்டைப் பார்க்கும்போது தலையைச் சாய்த்தான். வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். கண்ணாடி வந்தது. இன்னமும் ஜன்னலைத்தான் பார்க்கிறான், கண்ணாடி போட்டுக்கொண்டு.

*

இத்தனைக்கும் நடுவில் உள்ளே ஒரு முள் அப்படியே இருந்தது. யாராவது ஒரு பிள்ளை தனியாக என்னிடம் வந்து, “மிஸ், ஒண்ணு சொல்லணும்” என்றால் நெஞ்சு படபடக்கும். அந்த மாடி, அந்த முதுகு.

எங்கள் தமிழ் ஐயா ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி. நான் பேசக் கூடாத நாள்களில் அவர் பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள், இன்னும் கரகரத்த குரலில், அந்தப் பையனின் கதையை முழுதாகச் சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவர் ஆறுதல் சொல்லவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“அவன் வீட்டுக்குப் போனியே, யாரக் கூட்டிக்கிட்டுப் போன?”

“யாரையும் இல்ல சார்.”

“யார்கிட்ட சொல்லிட்டுப் போன?”

“யார்கிட்டயும் சொல்லல.”

“அவ்வளவுதாம்மா தப்பு. அவன்மேல அக்கற வெச்சது தப்பில்ல. ஒத்தையா சுமந்த பாரு, அது. அதுக்காக இன்னும் எத்தன வருஷம் லீவு போட்டுட்டே ஸ்கூலுக்கு வருவ?”

அழுதேன். அவர் பாட்டுக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். போய் முகம் கழுவிட்டு வா என்று சொல்லவில்லை.

எனக்கு என்ன ஆகியிருந்தது என்பதற்குப் பெயரெல்லாம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் பணிச்சோர்வை மூன்றாகப் பிரித்தார்: உணர்ச்சி வறண்டுபோவது, எதிரில் இருப்பவரை ஆளாக அல்லாமல் ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. ரோல் நம்பர் எந்த வகையில் வரும் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டிலும் பணிச்சோர்வு இருக்கிறது, ஆனால் அங்கே அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன வேலை அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் பட்டது. அதுவரை என் மனசுதான் கல் என்று நினைத்திருந்தேன். புகார் வந்தபோது என்னோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், நடைமுறை இதுதான் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், இவ்வளவு இறுகியிருக்க மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் தலைமையாசிரியர்கள் யாராவது இருந்தால், ‘எதையும் மனசுல ஏத்திக்க மாட்டாங்க’ என்று ஒரு டீச்சரைப் பாராட்டும் முன் ஒருதடவை அவரைத் தனியாகக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். புருவத்தை உயர்த்தி.

*

அந்தப் படபடப்புக்குச் சோதனை போன வருடம் வந்தது. ஒரு பெண் இடைவேளையில் மேஜை அருகே நின்று, “மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள்.

பழைய நான் சத்தியம் பண்ணியிருப்பேன். நடுவில் இருந்த நான் பெல் அடிச்சாச்சு என்றிருப்பேன். இந்தத் தடவை, “சத்தியம் பண்ண மாட்டேன்மா. உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா நான் சிலர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்றேன். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வகுப்புக் கதவு திறந்திருந்தது, திறந்தே இருக்கட்டும் என்று விட்டேன். கேட்டேன். துருவவில்லை, அவள் சொன்ன அளவுக்குத்தான். சொல்லி முடித்ததும், “இத எங்கிட்ட சொன்னது நல்லது” என்று மட்டும் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளை அன்றைக்கே, என் கருத்தைச் சேர்க்காமல், தேதியோடு எழுதி வைத்தேன். மறுநாள் வரை காத்திருக்காமல் தலைமையாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் போனேன். என் போன் நம்பரைக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் அவள் வந்துவிட்டாளா என்று கண்ணால் தேடுவேன், அவளும் என் கண்ணைத் தேடுவாள், அவ்வளவுதான்.

அன்று இரவு தூங்கினேன். பாரத்தை நான்கு பேர் பிடித்திருந்தோம்.

சறுக்கல்களும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு தலைவலியோடு வகுப்புக்குப் போய், கேள்வி கேட்ட ஒரு பையனிடம் “இது கூடவா தெரியல?” என்று எரிந்து விழுந்தேன். அவன் முகத்தில் ஷட்டர் இறங்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். முன்பெல்லாம் அது அடுத்த நாள் தானாக மறந்துபோகும் என்று விட்டுவிடுவேன். இப்போது அப்படி விடுவதில்லை. மறுநாள் அதே வகுப்பில், அதே ஆட்கள் எதிரில், “நேத்து நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தலவலி, உம்மேல காட்டினது என் தப்பு” என்றேன். எல்லார் முன்னாலும் திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருபது நொடி ஆகியிருக்கும். சமாதானத்துக்காக அவனைச் சிரிக்கச் சொல்லவில்லை. அவன் அந்த வாரம் முழுக்கக் கேள்வி கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்டான்.

எட்டாம் வகுப்பில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவனுக்கு இப்போது இருபத்தைந்து வயதாகியிருக்கும். தேடிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். தேடவில்லை. அவன் என்னை நினைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்காகத்தானே தவிர அவனுக்காக இல்லை. பழைய அட்டெண்டன்ஸில் இருந்த அவன் பெயரை மட்டும் ஒருநாள் சத்தமாகப் படித்தேன்.

*

போன மாதம் பேரண்ட்ஸ் மீட்டிங். எனக்குச் சைகை கற்றுக்கொடுத்த அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அம்மாவும் மகளும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். மகள் மொழிபெயர்க்கத் தயாராக நாற்காலி நுனிக்கு வந்தாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். ‘உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள். எனக்கு ஆசிரியை அவள்.’ கடைசிச் சைகையை எங்கோ தப்பாகச் செய்திருக்க வேண்டும், மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. பதிலுக்கு வேகமாக ஏதோ கேட்டார், புருவம் நெற்றியின் பாதிக்குப் போனது. கேள்வி என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

“தொண்ட சரியாயிடுச்சான்னு கேக்கறாங்க மிஸ்.”

சரியாகிவிட்டது என்று காட்டினேன். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை மகளிடம் கேட்டேன்.

“இப்பவும் எனக்கு வீட்டுல அதே பேருதானா?”

அவள் அம்மாவிடம் கேட்டாள். இருவரும் கொஞ்ச நேரம் கைகளால் விவாதித்தார்கள். சிரித்தார்கள்.

“அதேதான் மிஸ். அம்மா சொல்றாங்க, பேரெல்லாம் ஒரு தடவ வெச்சா வெச்சதுதானாம். அவங்க ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு ‘குண்டு’ன்னு வெச்சாங்களாம், அவர் எளச்சு இருபது வருஷம் ஆச்சாம்.”

அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள். எழுந்து விடைபெறும்போது நான் உள்ளங்கையை விரித்து, நெற்றியிலிருந்து தாடைவரை இறக்கி, என் பெயரை நானே சொன்னேன். கைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது கை இறங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.